சிவராத்திரிக்கு ஓடுவதா, உட்காருவதா, எல்லை தாண்டுவதா?

மாசி பிறந்ததும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில், வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு கிளம்பும்: சிவராத்திரிக்கு இந்தத் தடவை என்ன ஏற்பாடு? மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பெரிய யோசனையே இல்லை. பக்கத்துச் சிவன் கோயிலில் கண்விழிப்பார்கள், முடிந்தது. நமக்கு வழிகள் அதிகம். சிவாலய ஓட்டம் என்று பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடலாம். ஓட முடியாதவர் வண்டி பிடிக்கலாம். ஒரே கோயிலில் நான்கு ஜாமமும் உட்காரலாம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்து அருவிப்புறம் போகலாம், மனமிருந்தால் ஆலுவா வரைக்கும் போகலாம். எங்கும் போகாமல் குத்துவிளக்கு ஏற்றி வைத்து வீட்டிலேயே இருக்கலாம்.

நேர்ச்சை, அதாவது வேண்டுதல், உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு தேவையில்லை. ஓடுகிறேன் என்று நேர்ந்தவர் ஓடித்தான் தீர்க்க வேண்டும். நேர்ச்சை இல்லாமல், இந்த ராத்திரி உருப்படியாக நாமம் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: விடியும்வரை வாயில் நாமம் நிற்குமா? கூட்டம், அலங்காரம், பிரசாதம் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஒரு நாள் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓட்டமா, கண்விழிப்பா என்று கேட்பவர்கள் இரண்டும் ஒரே ராத்திரி என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சிவாலய ஓட்டம் தொடங்குவது சிவராத்திரிக்கு முந்தின நாள், திரயோதசி அன்று. பிற்பகலிலோ மாலையிலோ முஞ்சிறைத் திருமலையில் கிளம்பி, அந்த ராத்திரியும் மறுநாள் பகலும் ஓடி, சிவராத்திரி அன்று திருநட்டாலத்தில் முடிப்பார்கள். ஆக, ஓடுகிறவருடைய பெரிய ராத்திரி திரயோதசி ராத்திரிதான். சிவராத்திரியான சதுர்த்தசி ராத்திரியில் மற்றவர்கள் அபிஷேகத்துக்கு உட்காரும் நேரத்தில் அவர் கால் வீங்கிக் கிடப்பார். இரண்டையும் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்கள் திருநட்டாலத்துக் கோயில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது நம் நிலத்தில் மட்டும் உள்ள வழிபாடு. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்ற வரிசை மாறக்கூடாது. தூரத்தை 80 கிலோமீட்டர் என்பாரும் உண்டு, 110 என்பாரும் உண்டு. குறுக்குவழி தெரிந்தவருக்கும் தார்ரோட்டையே நம்புகிறவருக்கும் கணக்கு ஒன்றாக வராது. காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுக்கும் சில்லறைக்கும் சிறு பை. ஒவ்வொரு கோயிலிலும் குளித்துவிட்டு ஈரத்தோடு தொழ வேண்டும், விசிறியால் சுவாமிக்கு வீச வேண்டும், அடுத்த கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். வெறுங்கால்தான். ஒரு வாரத்துக்கு முன்பே மாலை போட்டு விரதம் தொடங்கிவிடும்.

வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பது அதன் முழக்கத்தைக் கேட்டுத்தான். பன்னிரண்டும் சிவன் கோயில், சொல்கிற நாமமோ "கோவிந்தா, கோபாலா." ஓடுகிறவர்களுக்கே கோவிந்தன்மார் என்று பெயர். இதன் கதை நம் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். தருமரின் யாகத்துக்காகப் பீமன் புருஷாமிருகத்தைத் தேடிப் போகிறான். பாதி மனிதன், பாதி மிருகம். சிவனைத் தவிர வேறு பெயர் காதில் விழுந்தால் பொறுக்காத பக்தன். கண்ணன் பன்னிரண்டு ருத்திராட்சத்தைக் கொடுத்து அனுப்புகிறான். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவ, அது தவம் கலைந்து துரத்துகிறது. பிடிபடப் போகிற நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டால் அது லிங்கமாகிவிடும். லிங்கத்தைக் கண்டதும் புருஷாமிருகம் கோபத்தை மறந்து, குளித்து, பூஜைக்கு உட்கார்ந்துவிடும். பீமன் மறுபடி ஓடுவான். பன்னிரண்டாவது இடத்தில் பீமனின் ஒரு கால் அதன் எல்லைக்குள் மாட்டிக்கொள்ள, வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்று பார்க்காமல் பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு என்று அவர் தீர்ப்புச் சொல்ல, கடைசியில் சிவனும் திருமாலும் ஒன்று என்று காட்டப்படுகிறது. திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் இருப்பது அதனால்தான்.

இந்த ஓட்டத்தில் நாமம் நிற்குமா? என் அனுபவத்தில், முதல் பாதியில் வேறு எந்த முறையையும்விட நன்றாக நிற்கும். காரணம் மூச்சு. ஒரு குழுவில் முன்னால் ஓடுகிறவர் "கோவிந்தா" என்று நீட்டிக் கூப்பிடுவார், பின்னால் வருகிறவர்கள் "கோபாலா" என்பார்கள். கூப்பிடும்போது மூச்சு வெளியே போகிறது, மற்றவர் சொல்லும்போது உள்ளே வருகிறது. ஓடுகிற உடம்புக்கு வேண்டியதும் அதே தாளம்தான். யாரும் கற்றுக்கொடுக்காமலே காலும் வாயும் சேர்ந்துகொள்ளும். திக்குறிச்சியில் தாமிரபரணியில் முங்கி எழுந்து, குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதுகூட, பக்கத்துக் குழு "கோவிந்தா" என்றால் பதில் தன்னால் வரும். திற்பரப்பு தாண்டிப் பொன்மனை வரைக்கும் ரப்பர் தோட்டங்கள். மாசியில் இலை உதிர்ந்து சருகு கணுக்கால் அளவு கிடக்கும். தெருவிளக்கு கிடையாது. சருகு மிதிபடும் சத்தத்தையும் முன்னால் போகிற குரலையும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் நாமம் சொல்வது பக்திக்கு மட்டுமல்ல, வழி தவறாமல் இருக்கவும்தான்.

இரண்டாம் பாதி வேறு கதை. வெயில் ஏறிவிடும். கல்குளத்தில், பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயில் குளத்தில் குளித்துவிட்டு வெளியே வந்தால் தார் சுடும். மேலாங்கோடு பக்கம்தான், அது பெரிதாகத் தெரியாது. ஆனால் திருவிடைக்கோட்டுக்காக வில்லுக்குறி வரும்போது தேசிய நெடுஞ்சாலை, லாரி, ஹாரன். கொப்புளம் விட்ட காலோடு கோவிந்தா என்பது முனகலாகக் குறைந்துவிடும். ஓட்டம் என்று பெயரே தவிர, இந்த நேரத்தில் முக்கால்வாசிப் பேர் நடைதான். வழிநெடுக ஊர்க்காரர்கள் சுக்குநீர், மோர், பானகம், கஞ்சி என்று பந்தல் போட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் பாதிப்பேர் கல்குளத்திலேயே நின்றுவிடுவார்கள். இளவட்டங்கள் முதல் நான்கு கோயில்வரை பாய்ந்து ஓடி, கோயிலுக்குக் கோயில் படம் எடுத்துப் போட்டு, பன்னிப்பாகத்தில் படுத்துவிடுவதையும் பார்க்கிறோம். ஓடிப் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் இருக்கிற குழுவில் சேருவதுதான் புத்திசாலித்தனம். அவர் தொடக்கத்தில் ஓடவே விடமாட்டார்.

ஆண்கள் ஓடுவதுதான் பழைய வழக்கம். இப்போது பெண்களும் குடும்பமாகப் பன்னிரண்டு கோயிலுக்கும் போகிறார்கள், பெரும்பாலும் வண்டியில். அந்த வண்டி வழியைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லப்போவது குறைவு. வயதானவர்கள் பன்னிரண்டையும் ஒரே நாளில் தரிசிக்க வேறு வழியில்லை, அந்த வகையில் சரி. ஆனால் நாமம் சொல்வதற்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. வேனில் பாட்டுப்பெட்டி ஓடும். இறங்கினால் செருப்பைத் தேட வேண்டும், ஏறினால் எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். சாலையில் ஓடுகிறவர்களை ஒதுக்கிக்கொண்டே டிரைவர் ஹாரன் அடிப்பார். பைக்கில் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருவர், மூவராக ஏறிக்கொண்டு, வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு நடுவில் பறக்கிறார்கள். பன்னிரண்டு கோயிலையும் வண்டியில் பார்க்க ஆசையிருந்தால் சிவராத்திரி அல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். திருநந்திக்கரைக் குடைவரையை நின்று பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

இனி உட்காரும் வழி. ஒரே கோயில், நான்கு ஜாமம்: மாலை 6 முதல் 9, 9 முதல் 12, 12 முதல் 3, 3 முதல் 6. முதலில் பஞ்சகவ்யம், அடுத்துப் பஞ்சாமிர்தம், மூன்றாவதில் தேன், நான்காவதில் கருப்பஞ்சாறு என்று அபிஷேகத்துக்கு ஒரு முறை சொல்வார்கள். கோயிலுக்குக் கோயில் இது மாறும். நள்ளிரவை ஒட்டியது லிங்கோத்பவ காலம். அடிமுடி காணாத ஜோதியாக நின்ற நேரம் என்று அதற்குத் தனி மதிப்பு.

நம் மாவட்டத்துக் கோயில்களில் ஒரு விசேஷம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் கோயில்களில் பல மலையாள தந்திர முறையிலேயே நிற்கின்றன. சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம், போற்றி என்கிற பூசாரி பூஜை செய்கிறார், ஸ்ரீகோவில் என்கிற கருவறையின் வாசல் குறுகல். சோழநாட்டுக் கோயில் போல நூறு பேர் நின்று பார்க்க மணிக்கணக்கில் அலங்காரத்தோடு அபிஷேகம் நடப்பதில்லை. கண்ணுக்கு வேலை குறைவு. தரிசனத்துக்காக வருகிறவர் இதைக் குறையாகச் சொல்வார். நாமம் சொல்ல வருகிறவருக்கு இதுவே சௌகரியம். சுற்றுமண்டபத்தில் ஒரு தூண் ஓரம் பிடித்துவிட்டால் யாரும் தள்ளமாட்டார்கள். மற்ற நாளில் அத்தாழ பூஜை என்ற இரவுப் பூஜையோடு சீக்கிரமே நடை சாத்துகிற கோயில்கள் இந்த ராத்திரி திறந்தே இருக்கும் என்பது இன்னொரு வசதி.

ஆனால் எந்தக் கோயில் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே மைக்செட்டில் என்ன ஓடும்? விடிய விடிய ஒலிநாடா போடுகிற கோயிலானால், எவ்வளவு புராதனமானதாக இருந்தாலும் அந்த ராத்திரிக்கு வேண்டாம். வாய் சொல்வதும் காது கேட்பதும் வேறு வேறானால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். சமய வகுப்புப் பிள்ளைகளும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து அகண்ட நாமம் சொல்கிற சின்னக் கோயில் கிடைத்தால் அதை விடக்கூடாது. அகண்ட நாமத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நாமம் மட்டும் நிற்காது. தொண்டை கட்டினால் எழுந்துபோய்ச் சுக்குக்காப்பி குடித்துவிட்டு வரலாம்.

உட்கார்ந்த இடத்தில் என்ன சொல்வது என்பதில் பலர் தடுமாறுவார்கள். ருத்ரம் என்ற வேத மந்திரம் முறைப்படி கற்றவர்களுக்கு உரியது. நமகம் 11 அனுவாகம் (பகுதி), சமகம் 11, ஸ்வரம் பிசகக்கூடாது. கற்றவர் சொல்லும்போது கேட்பதே நமக்குப் போதும். ஐந்தெழுத்து அந்த நமகத்தின் எட்டாவது அனுவாகத்துக்குள்தான் இருக்கிறது, கேட்கும்போது அந்த இடம் வருவதைக் காது பிடித்துக்கொள்ளும். கூட்டமாகச் சொல்வதற்குத் தமிழில் இருக்கும் நமச்சிவாயப் பதிகங்களுக்கு ஈடு கிடையாது. சம்பந்தருடையதும் அப்பருடையதும், கடைசிப் பாட்டைத் தவிர, ஒவ்வொரு பாட்டும் "நமச்சிவாயவே" என்று முடிகிறவை. பாட்டுத் தெரிந்த ஒருவர் முன்னால் சொன்னால் போதும், தெரியாதவர் முடிவில் சேர்ந்துகொள்ளலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைகூட இரண்டாவது பாட்டிலிருந்து சேர்ந்துவிடும். சிவபுராணம் 95 அடி, நிதானமாகச் சொன்னால் பத்து நிமிஷத்துக்குள் முடியும். ஜாமத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். மிச்ச நேரத்துக்கு ஐந்தெழுத்து. ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் 108-க்கு நான்கு நிமிஷம்கூட ஆகாது, 1008-க்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே ஒரு ஜாமத்துக்கு 1008 சங்கல்பம் செய்துகொண்டால் அது நிறைவேறும். லட்சம் என்று சங்கல்பித்துவிட்டு ஓட்டை விழுந்த எண்ணிக்கையோடு வீடு திரும்புவதைவிட இது மேல்.

ஜபத்தில் மூன்று விதம் சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைய, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் சொல்வது உபாம்சு. மனசுக்குள் சொல்வது மானசம். மானசமே உயர்ந்தது என்பது சாஸ்திரம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி 3 மணிக்கு நமக்கு மானசம் என்பது தூக்கத்தின் வேறு பெயர். கோயிலில் இருக்கும்போது முதல் இரண்டு ஜாமம் உபாம்சு, நள்ளிரவுக்குப் பிறகு வாய்விட்டு என்று தலைகீழாக வைத்துக்கொண்டால் தாங்கும். லிங்கோத்பவம் முடிந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்து பேர் தங்களை அறியாமலே நெருங்கி உட்காருவார்கள். அந்த மூன்றாம் ஜாமத்துக்காகவே நான் ஒரே கோயிலில் உட்காரும் வழியைப் பரிந்துரைக்கிறேன்.

எல்லை தாண்டுவது. களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம். 1888-ல் ஒரு சிவராத்திரி இரவில் நாராயண குரு ஆற்றில் இறங்கி ஒரு கல்லை எடுத்துவந்து லிங்கமாகப் பிரதிஷ்டை செய்த இடம். சாதியின் பெயரால் பிரதிஷ்டை உரிமை மறுக்கப்பட்டிருந்த ஈழவ சமூகத்தில் பிறந்தவர் அதைச் செய்தார் என்பதுதான் செய்தி. அவர் கல்லைக் கையில் ஏந்திக் கண்ணீர் வழிய நின்றபோது சுற்றி நின்றவர்கள் ஐந்தெழுத்து ஓதிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நமக்கும் குருவுக்கும் உள்ளது தூரத்து உறவல்ல, நெருங்கிய உறவுதான். அவர் தவமிருந்தது நம் மருத்துவாழ் மலையில். தைக்காட்டு அய்யாவிடம் யோகம் பயின்றவர், தமிழில் பதிகங்களே பாடியிருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேலே நான் வரிசையாகப் பெயர் சொன்ன பன்னிரண்டு கோயில்களும் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தவை. 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிடும்வரை நம்மில் பல குடும்பத்தார் அவற்றுக்குள் கால் வைத்திருக்க முடியாது. இன்று எல்லாச் சாதியாரும் ஒரே குளத்தில் குளித்துக்கொண்டு ஓடுகிறோம். அந்தப் பிரகடனத்துக்கு 48 வருஷம் முன்னால் ஆற்றங்கரையில் கூடிய கூட்டத்தில் நம் பாட்டன்மார் யாராவது நின்றிருப்பார்களோ என்று யோசிக்கிற குடும்பங்கள் விளவங்கோட்டில் இன்றும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அருவிப்புறம் வேறெந்தக் கோயிலையும்விட ஒரு படி மேல்தான்.

நாமம் நிற்குமா என்ற என் அளவுகோலில், அருவிப்புறத்துக்கு நடுத்தர மதிப்பெண். ஆற்றங்கரையும் பாறையும் உட்கார நல்ல இடம். ஆனால் சிவராத்திரி அங்கே திருவிழா. மேடை, சொற்பொழிவு, ஜனத்திரள் எல்லாம் இருக்கும். மலையாளம் புரிந்தால் சொற்பொழிவும் லாபம். நாமம் மட்டும் போதும் என்றால் கூட்டத்தை விட்டு நகர்ந்து ஆற்றோரம் ஒதுங்க வேண்டும், குழந்தைகளோடு வந்தவர்கள் ராத்திரியில் அதைச் செய்யக்கூடாது. ரயிலில் வருகிறவர்கள் நெய்யாற்றின்கரையில் இறங்கலாம். திரும்பி வருவது விடிந்த பிறகுதான் என்று முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

ஆலுவாவை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். திருவனந்தபுரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். பெரியாற்று மணற்புறத்தில் ராத்திரி முழுக்க ஐந்தெழுத்தோடு விழித்திருந்து, விடியலில் முன்னோர்க்குப் பலிதர்ப்பணம் செய்வதுதான் அங்கே முக்கியம். தந்தைக்கோ தாய்க்கோ செய்ய வேண்டியது மனசை உறுத்திக்கொண்டிருந்தால் போகலாம். வெறும் நாமத்துக்காக அவ்வளவு தூரம் வேண்டாம். பலி ஒன்றே குறி என்றால் ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிக்குப் போனாலும் ஆகும், அது நம் வாசலிலேயே இருக்கிறது.

கடைசியாக வீடு. வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றால் சோம்பல் என்று நினைக்கிறார்கள். நான்கு ஜாமமும் வீட்டில் விழித்து நாமம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. கோயிலில் மணி அடிக்கும், ஆள் எழுப்புவார்கள், ஓட்டத்தில் பின்னால் வருகிறவன் தள்ளுவான். வீட்டில் மெத்தை பத்தடி தூரத்தில் இருக்கும், டிவியில் எங்கோ நடக்கிற சிவராத்திரி நேரலை ஓடும். நேரலையைப் பார்த்துக்கொண்டே விடிந்ததும் சிவராத்திரி இருந்தோம் என்று சொல்லிக்கொள்வது இப்போது பரவிவருகிற பழக்கம். சினிமா பார்த்துக் கண்விழிப்பதைவிட அது தேவலாம், அவ்வளவுதான். வீடுதான் என்று முடிவானால் டிவியை மாலை 6 மணிக்கே அணைத்து, விளக்கைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வெறுந்தரையில் பாய் போட்டு உட்கார வேண்டும். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் சொல்ல ஒருவர் திருப்பிச் சொல்வது தூக்கத்துக்கு நல்ல மருந்து. ஜாமத்துக்கு ஒரு முறை எழுந்து கைகால் கழுவி, விளக்குக்கு எண்ணெய் விட்டு, ஒரு வில்வம் சார்த்தி, மறுபடி உட்காரலாம். அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உபாம்சு போதும்.

விரதத்தைப் பற்றி ஒன்று. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக்கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்துவது ஆபத்து. நாமம் சொல்வதற்கு வயிறு காலியாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை. பழமோ கஞ்சியோ எடுத்துக்கொண்டு உட்காரலாம். ஓடத் தீர்மானித்தவர்கள் எதிர்த் திசையில் கவனமாக இருக்க வேண்டும். பந்தலுக்குப் பந்தல் கொடுப்பதையெல்லாம் குடித்தால் வயிறு கனத்துப் பொன்மனை ஏற்றத்தில் நிற்கவேண்டிவரும்.

போன மாசம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இந்தக் கொல்லம் ஓட்டத்துக்குப் போட்டா, இல்ல கோயில்லயே இருக்கட்டா?" (எங்கள் பேச்சில் கொல்லம் என்றால் வருஷம்.) அவனுக்கு வயது இருபத்திரண்டு, வேலை பெங்களூரில், நாற்காலியை விட்டு எழுந்தே மாசக்கணக்காகிறது. "மக்களே, இந்தத் தடவை கோயில்ல இரு. அடுத்த வருஷம் ஓடலாம், அதுவரைக்கும் வாரம் ஒருநாள் வெறுங்கால்ல நடந்து பழகு" என்றேன். முகம் சுளித்தான். ஓடுவதில் உள்ள பெருமை உட்காருவதில் இல்லை, அந்த வயதில் அப்படித்தான் தோன்றும். அவனுடைய அம்மாவுக்கு முட்டுவலி, அவளுக்கு வீடுதான். ஆனால் தனியாக வேண்டாம், அடுத்த வீட்டு மைனியையும் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னேன். என் வயதுக்காரர்களில் காலும் இருதயமும் இடம்கொடுக்கிறவர்கள், ஒரு வாரம் விரதம் இருக்க முடிகிறவர்கள், வாழ்நாளில் ஒரு தடவையாவது ஓட்டத்துக்குப் போகவேண்டும் என்பேன். இருட்டில் திற்பரப்புக்கும் பொன்மனைக்கும் நடுவில் கேட்கிற கோவிந்தா வேறெங்கும் கிடைக்காது. அது ஒருமுறை போதும். வருஷாவருஷம் நிலைத்து நிற்கக்கூடியது என்று பார்த்தால் ஒரே கோயில், நான்கு ஜாமம். என் கணக்கில் முதலிடம் அதற்குத்தான், இரண்டாவது ஓட்டம், மூன்றாவது அருவிப்புறம். வீடு இந்த வரிசைக்குள் வராது, வெளியே போக முடியாதவர்களுக்கு அதுவே முதலிடம். வேன் பயணத்தை நான் சேர்க்கவே இல்லை.

லீவு கணக்குப் போடுகிறவர்களுக்கு: 2027-ல் மகா சிவராத்திரி மார்ச் 6, சனிக்கிழமை. கோயிலில் உட்காருகிறவர்களுக்கு மறுநாள் ஞாயிறு என்பதால் தூங்கிக்கொள்ளலாம். ஓடுகிறவர்கள் மார்ச் 5 வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குள் முஞ்சிறைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், பெங்களூர், சென்னையிலிருந்து வருகிறவர்கள் வியாழன் ராத்திரியே ரயில் ஏறிவிடுவது நல்லது. பனையோலை விசிறியை ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.